மடிநோயில் திசுவைச் சிதைப்பது எது? சுண்டெலிச் சோதனைகளை முன்வைத்து ஒரு வாதம்

பாலூட்டும் சுண்டெலியின் மடிக்குள் ஈ. கோலை பாக்டீரியாவைச் செலுத்தி ஒரு நாள் கழித்துத் திசுவை நுண்நோக்கியில் பார்த்தால், பால் இருக்க வேண்டிய நுண்ணறைகளில் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளணுக்கள் அடைத்துக் கிடக்கும். அறைச்சுவரின் எபிதீலியச் செல்கள் உதிர்ந்திருக்கும். இடைத்திசு நீர்கோத்து வீங்கியிருக்கும். இங்கிலாந்தின் காம்ப்டனில் சாண்ட்லரும் ஆண்டர்சனும் 1970களில் வளர்த்தெடுத்த இம்முறை, கறவை மாட்டின் மடிநோயை ஆராய இன்றும் பயன்படுகிறது. ஆனால் காணும் சிதைவு முழுவதையும் கிருமியின் வீரியத்துக்கு அளவுகோலாகக் கொள்வது பிழை. கிருமியின் நஞ்சு, விலங்கின் தற்காப்பு, பால் தேக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து விளைவித்த சேதம் அது. மூன்றையும் தனித்தனியே அளந்தாக வேண்டும்.

கிருமி நேரடியாகவே திசுவை அழிக்கும் என்பதில் ஐயமில்லை. மடிநோய் உண்டாக்கும் மற்றொரு பாக்டீரியாவான ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸின் ஆல்ஃபா நஞ்சு செல்சவ்வில் துளையிடுகிறது. அந்நஞ்சைச் சுரக்கும் வகைகள் சுண்டெலி மடியில் கடுமையான சேதம் விளைவிப்பதை பிராம்லி குழுவினர் 1989இல் காட்டினர். ஈ. கோலையின் கதை வேறு. உயிருள்ள கிருமி இல்லாமல் அதன் எண்டோடாக்சின் என்னும் நஞ்சை மட்டும் செலுத்தினாலும் நியூட்ரோஃபில்கள் திரள்கின்றன, எபிதீலியம் சேதமடைகிறது. இங்கே சேதத்தில் விலங்கின் தற்காப்புக்கும் பங்குண்டு: கிருமியைக் கொல்ல நியூட்ரோஃபில்கள் வெளியிடும் எலாஸ்டேஸ் நொதியும் ஆக்சிஜன் வினைப்பொருள்களும் அருகிலுள்ள செல்களையும் விட்டுவைப்பதில்லை.

மூன்றாவது காரணமான பால் தேக்கம் சோதனை முறைக்குள்ளேயே இருக்கிறது. செலுத்திய கிருமியைக் குட்டிகள் உறிஞ்சிவிடாதிருக்க அவற்றைத் தாயிடமிருந்து பிரிக்கிறார்கள். மீண்டும் பாலூட்ட விடாவிட்டால், தேங்கிய பாலே மடிச்சுருக்கத்தைத் தொடங்கிவைக்கும். முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே எபிதீலியச் செல்கள் மடிந்து அறைக்குள் உதிர்கின்றன. பல ஆய்வுகள் திசுவை எடுப்பதும் இதே காலத்தில்தான். உப்புநீர் மட்டும் செலுத்தி, குட்டிகளை அதே நேரம் பிரித்துவைத்த தாய்களோடு ஒப்பிடாவிட்டால், உதிர்ந்த செல் நோயின் விளைவா, தேக்கத்தின் விளைவா என்று சொல்ல வழியில்லை. எதிர்ப்புற மடியை மட்டும் ஒப்பீடாகக் கொள்வதும் போதாது. ஒரு மடியில் எழும் அழற்சி இரத்தத்தின் வழியே மற்றதையும் பாதிக்கக்கூடும்.

நியூட்ரோஃபில்களை அகற்றினால் ஈ. கோலை கட்டுக்கடங்காமல் பெருகுகிறதே, அவற்றைக் குற்றம் சொல்வது எப்படி என்று கேட்கலாம். அவை வேண்டாம் என்பதல்ல வாதம். கிருமியை ஒடுக்கத் தேவைப்படும் வினை எந்த அளவைத் தாண்டும்போது, எவ்வளவு நேரம் நீடிக்கும்போது திசுவைக் கெடுக்கிறது என்பதே கேள்வி. கிருமி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. சுண்டெலி மாடு ஆகாது என்ற மறுப்பிலும் நியாயம் உண்டு: பத்து மடிகள், கொழுப்புத் திசுவுக்குள் கிளைக்கும் நாளங்கள் என அதன் அமைப்பே வேறு. ஆகவே சேதத்தின் அளவை அப்படியே மாட்டுக்குப் பொருத்தக் கூடாது. ஆயினும் காரணங்களைப் பிரித்தறிய அது தக்க களம்; மரபணு மாற்றிய சுண்டெலிகளில் தற்காப்பின் ஒவ்வொரு கண்ணியையும் தனியே சோதிக்கலாம்.

இந்தப் பகுப்பின் பயன் சிகிச்சையில் தெரியும். நஞ்சு முதற்காரணமானால் நஞ்சை முறிக்கும் வழி தேட வேண்டும். தற்காப்பு மிகுந்து சேதம் நேர்ந்தால், கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக்கோடு அழற்சியைத் தணிக்கும் மருந்தையும் சோதிக்க வேண்டும். விலங்குகளின் வலியை விலையாகக் கொடுத்துப் பெறும் சான்று இது. காரணங்களைக் கலந்துவிடும் சோதனைக்கு அந்த விலையைக் கேட்க ஆய்வாளருக்கு உரிமையில்லை.