அம்மன் காணாத போரும் அழிந்துபோன நாடாக்களும்

பாலக்காட்டுச் சீமையின் பகவதி கோயில்கள் பலவற்றில் கூத்துமாடம் என்னும் தனிக் கட்டடம் ஒன்று நிற்கக் காணலாம். ஆண்டுதோறும் அங்கே தோற்பாவைக்கூத்து நிகழும். திரைக்குப் பின்னே தேங்காய் முறிகளில் 21 விளக்குகள் எரியும். தோலிற் செதுக்கிய உருவங்களின் நிழல்கள் திரையில் அசையும். புலவர் எனப்படும் கலைஞர்கள் கம்பராமாயணப் பாடல்களை ஓதி உரை விரிப்பர். சில கோயில்களில் இது 21 இரவுகள் நீளும்.

இக்கூத்தின் தோற்றம் குறித்து வழங்கும் கதை சுவையானது. இராமன் இராவணனோடு பொருத வேளையில் பத்திரகாளி தாரிகனோடு போர்புரிந்துகொண்டிருந்தாளாம். இலங்கைப் போரைக் காண அவளுக்கு வாய்க்கவில்லை. அக்குறை தீரவே அவள் சந்நிதியில் அக்கதை மீண்டும் மீண்டும் காட்டப்படுகிறது என்பர். தவறவிட்டவருக்கு மறுபடி காட்டுதல் என்பதே இக்காலத்து மறு ஒளிபரப்பின் கருத்துமன்றோ?

ஆயினும் தொலைக்காட்சியில் சில தொடர்கள் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன. பல, தடமின்றி மறைகின்றன. தரம் ஒன்றே இதற்குக் காரணம் எனல் பொருந்தாது. வரலாற்றை நோக்கின் மூன்று காரணங்கள் புலப்படும்.

முதலாவது, பொருள் எஞ்சியிருத்தல். 1951இல் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ என்னும் அமெரிக்கத் தொடர் திரைப்படச் சுருளில் எடுக்கப்பட்டது. ஆதலின் பல்லாண்டுகள் மறுபடி காட்ட இயன்றது. இங்கிலாந்தின் பி.பி.சி. நிறுவனமோ, விலை மிகுந்த ஒளிநாடாக்களை அழித்து வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தது. புகழ்பெற்ற ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960களைச் சேர்ந்த பகுதிகளில் 90க்கும் மேற்பட்டவை இன்றும் கிட்டவில்லை. நம் நாட்டு நிலையங்களிலும் நாடாவை அழித்துப் பயன்படுத்தும் வழக்கம் இருந்தது.

இரண்டாவது, உரிமை. நடிகர், இசைவாணர் முதலியோரின் ஒப்பந்தங்கள் மறு ஒளிபரப்பை வரையறுக்கும். உரிமையாளர் யாரெனத் தெளிவில்லையேல், நாடா இருந்தும் பயனில்லை.

மூன்றாவது, கேட்பார் இருத்தல். ராமானந்த சாகரின் ‘இராமாயணம்’ 1987 சனவரி முதல் 1988 சூலை வரை தூர்தர்ஷனில் ஒளிபரப்பாயிற்று. 2020 மார்ச் 28இல், ஊரடங்கில் வீட்டுள் அடைந்திருந்த மக்களின் வேண்டுகோளை ஒட்டி அது மீண்டும் வந்தது. உரிமை கொண்ட தயாரிப்பாளர் குடும்பம் இருந்தமையால் அது கைகூடிற்று. அன்றைய செய்திக்கும் உழவர்க்கான உரைக்கும் மறுநாள் கேட்பார் யாருளர்?

இம்மூன்றையும் தோற்பாவைக்கூத்து நாடாவின்றியே பெற்றது. பாவைகளையும் பாடல்களையும் புலவர் குடும்பங்கள் வழிவழியாகக் காத்தன. நடத்தும் உரிமை இன்ன கோயிலுக்கு இன்ன குடும்பம் என மரபால் அமைந்தது. பொருட்செலவைப் பக்தர்களின் வழிபாட்டுக் காணிக்கை தாங்கிற்று. மாடத்தின் முன் மாந்தர் ஒருவரும் அமராத இரவிலும் கூத்து நிற்பதில்லை. தேவி காண்கிறாள் என்பது நம்பிக்கை. மலையாளம் வழங்கும் மண்ணில் கம்பனின் தமிழ் நூற்றாண்டுகளைக் கடந்து ஒலிப்பது இவ்வேற்பாட்டினாலேயே. இக்கலைக்காகக் கூனத்தறை இராமச்சந்திர புலவர் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இது எல்லைத் தமிழராகிய நமக்குப் பாடம். 1956 நவம்பர் 1இல் கேரள மாநிலம் அமைந்தபோது பாலக்காடும், இடுக்கி மலைகளின் தேவிகுளமும் பீர்மேடும் அதனுள் அடங்கின. அங்கு வாழும் தமிழர், சென்னை நிலையத்திற்கு வேற்று மாநிலத்தார்; திருவனந்தபுரம் நிலையத்திற்கு வேற்று மொழியினர். அவர்தம் தோட்டக் குடியிருப்புத் திருவிழாக்களையும், பள்ளி நாடகங்களையும், சங்க விழாக்களையும் பதிந்த நாடாக்கள் இருப்பின், அவை பெரும்பாலும் வீட்டுப் பெட்டிகளிலேயே கிடக்கும். ஈரமும் பூஞ்சையும் மலைநாட்டில் விரைந்து பற்றும். நாடாவை ஓட்டும் கருவிகளும் அருகிவிட்டன.

ஆதலின் குடும்பத்தார் தத்தம் நாடாக்களைப் புது வடிவிற்கு மாற்றுக. யார் எடுத்தது, எந்த ஊர், எந்த ஆண்டு, தோன்றுவோர் யாவர் என்பவற்றை உடன் எழுதி வைக்க. படி ஒன்று சங்கத்திலும் இருக்கட்டும். ஆண்டு விழாவில் ஒரு மாலைப் பொழுதை அவற்றைத் திரையிட ஒதுக்குவோமாக. அன்று பிறவாத பிள்ளைகளும் தம் பாட்டனாரின் குரலைக் கேட்கட்டும்.