உரோமாபுரியின் வாடகை வீடுகள்

வீடு வாங்கி வாடகைக்கு விட்டுப் பொருளீட்டும் தொழில் இக்காலத்தார் கண்டதன்று. பண்டைய உரோமாபுரியில் எளியோர் பலர் அடுக்கு வீடுகளில் நெருங்கி வாழ்ந்தனர். தீயும் இடிபாடும் அங்கு அடிக்கடி நேர்ந்தன. கிராசசு என்னும் பெருஞ்செல்வர், தீப்பற்றிய வீடுகளையும் அவற்றை அடுத்திருந்தவற்றையும் அஞ்சி நின்ற உரிமையாளரிடம் அற்ப விலைக்கு வாங்கினார். கட்டடத் தொழிலறிந்த 500க்கு மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தார் என்கிறார் புளூட்டார்க்கு.

கி.மு. 44இல் மனிதர்தம் கடமைகளைப் பற்றி நூல் எழுதிய சிசரோவும் வாடகை வாங்கியவரே. தம் கடைகள் இரண்டு இடிந்தன, ஏனையவை விரிசல் கண்டன, குடியிருந்தோர் மட்டுமன்றி எலிகளும் வெளியேறின என அதே ஆண்டில் நண்பர் அட்டிகசுக்கு வேடிக்கையாக எழுதினார். குடியிருந்தோர்க்கு அது வேடிக்கையாக இருந்திராது!

சட்டம் வாளாவிருக்கவில்லை. இடியும் நிலையிலுள்ள வீட்டால் கேடு வருமென அஞ்சும் அண்டை வீட்டார், உரிமையாளரிடம் முன்கூட்டியே பிணையுறுதி கேட்கலாம். மறுத்தால் அவ்வீட்டைக் கைக்கொள்ள ஆணை பெறலாம். மேல்மாடியிலிருந்து வீசப்பட்ட பொருள் வழிப்போக்கருக்கு இழப்பு விளைத்தாலோ இருமடங்கு ஈடு தரவேண்டியவர் அங்குக் குடியிருந்தவர்; உரிமையாளர் அல்லர். சுமை வாடகைதாரர் தலையில் விழுந்தது. ஆயினும் அவருக்கும் ஒரு காப்பு உண்டு. ஆபத்துக்கு அஞ்சி வீட்டை விட்டு வெளியேறியவர் வாடகை தரவேண்டுமா என்று வினவியபோது, அச்சத்திற்குத் தக்க காரணம் இருந்ததாயின், ஆபத்து உண்மையில் இல்லாவிடினும் தரவேண்டுவதில்லை என விடையளித்தார் சட்ட அறிஞர் அல்பேனசு.