எழுத்தும் ஒப்பனையும்: தமிழ் வலைப்பக்கத்தின் கதை

முன்னுரை

எங்கள் காரைக்குடிப் பக்கம் மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்புகளுக்குக் குறைவே இல்லை. பள்ளி விட்டு வரும் மாணவர்கள், டி.டி.பி. கடையில் வேலை பார்ப்பவர்கள், பிள்ளைகளை வளர்த்துவிட்டுப் புதிதாகக் கற்க வரும் அம்மாக்கள் என்று எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள். வலைப்பக்கம் வடிவமைக்கும் பாடம் தொடங்கினால், இரண்டாம் நாளே ஒரு கேள்வி எழும். "டி.டி.பி. கடையில் பாமினியில்தானே அடிக்கிறோம்? அதையே வலைப்பக்கத்திலும் போட்டால் என்ன? ஒருங்குறி எதற்கு?"

"இப்போது அப்படித்தான்" என்ற பதிலோடு பெரும்பாலும் பாடம் நகர்ந்துவிடும். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஏறக்குறைய இருபது ஆண்டு வரலாறு இருக்கிறது. எழுத்து எது, எழுத்துக்குப் போடும் ஒப்பனை எது என்று பிரித்து அறிய நாம் பட்ட பாடு அது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

வீடும் பூச்சும்

1989-ல் சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1993 ஏப்ரலில் அந்தத் தொழில்நுட்பத்தை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று செர்ன் அறிவித்தது. வலைப்பக்கம் எழுத அவர் உருவாக்கிய மொழிதான் ஹெச்.டி.எம்.எல். இது தலைப்பு, இது பத்தி, இது பட்டியல், இது இணைப்பு என்று சொல்வது மட்டுமே அதன் வேலை. என்ன நிறம், என்ன அளவு என்பதை அது கவனிக்கவில்லை.

மக்களுக்கு அது போதவில்லை. பக்கம் அழகாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் விரும்பினார்கள். ஆகவே உலாவி தயாரித்த நிறுவனங்கள் ஃபான்ட் என்ற குறிச்சொல்லைக் கொண்டுவந்தன. எழுத்தின் அளவு, நிறம், எழுத்துருவின் பெயர் எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவிடலாம். விளைவு, ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஃபான்ட் குறிச்சொல். நூறு பக்கம் உள்ள தளத்தில் தலைப்பின் நிறத்தை மாற்ற வேண்டுமென்றால் நூறு பக்கத்தையும் திறந்து திருத்த வேண்டும்.

இதற்கு மாற்று வழியை 1994 அக்டோபரில் ஹோகோன் வியூம் லீ என்ற நார்வே நாட்டவர் முன்மொழிந்தார். அவரும் செர்னில் பணியாற்றியவர்தான். அலங்காரக் குறிப்புகளை எல்லாம் பக்கத்திலிருந்து பிரித்து, தனியாக ஒரு ஸ்டைல் ஷீட்டில் வைத்துவிடலாம் என்றார். பெர்ட் போஸ் என்பவர் அவரோடு சேர்ந்துகொண்டார். 1996 டிசம்பரில் சி.எஸ்.எஸ். முதல் பதிப்பு தரமாக வெளிவந்தது.

நம்மூர்க்காரர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் சுண்ணாம்புப் பூச்சு. தரைக் கல்லைப் பெயர்த்து வேறு கல் பதித்தாலும் வளவு வளவுதான். ஹெச்.டி.எம்.எல். வீட்டின் அமைப்பு. சி.எஸ்.எஸ். கல்லும் பூச்சும். ஒன்றை மாற்றினால் மற்றொன்று கெடக் கூடாது. வலை வடிவமைப்பின் அடிப்படைப் பாடம் இதுதான்.

தமிழ் வலைக்கு வந்த வழி

அக்காலக் கணினிகளில் பொதுவாக ஓர் எழுத்துருவில் 256 இடங்கள்தான் இருந்தன. அதில் முதல் 128 ஆங்கிலத்துக்கும் அதன் குறிகளுக்கும் உரியவை. தமிழுக்கென்று இடம் இல்லை. நம் ஆட்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்தார்கள்.

பாமினி எழுத்துருவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் "அம்மா" என்று அடிக்க எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் ஆகிய ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். கணினி தன் நினைவில் வைத்துக்கொள்வதும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான். திரையில் தெரிவது மட்டுமே தமிழ். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் "யளனக" அடித்துப் பழகியவர்களுக்கு இந்த விசை அமைப்பு கைவந்த கலை. பாமினி இத்தனை காலம் நிலைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழை வலையேற்றும் பணியில் முன்னின்றவர்களில் பலர் கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள். சிங்கப்பூர், மலேயா என்று போய்வந்த குடும்பங்கள் நிறைந்த நம்மூருக்கு இது வியப்பாக இருக்காது. சிங்கப்பூரில் பேராசிரியர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1995 அக்டோபரில் தமிழ்க் கவிதைகள் வலையேறின. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை தொடங்கியதே அதே ஆண்டு ஆகஸ்ட் 15-ல்தான். சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை உருவாக்கி இலவசமாகத் தந்தார். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மென்பொருளை வளர்த்தெடுத்தார்.

ஆனால் ஒவ்வொருவரும் தமிழ் எழுத்துகளை வெவ்வேறு இடங்களில் வைத்தார்கள். ஓர் எழுத்துருவில் "க" இருந்த இடத்தில் இன்னொன்றில் "ப" இருக்கும். ஆகவே ஒவ்வொரு தமிழ்த் தளத்தின் முகப்பிலும் "எங்கள் எழுத்துருவைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்" என்ற அறிவிப்பு நின்றது. பத்துப் பத்திரிகை படிக்கப் பத்து எழுத்துரு வேண்டியிருந்தது.

ஒப்பனை கலைந்தால் முகமும் போகும்

இங்குதான் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆங்கிலப் பக்கம் ஒன்றில் ஃபான்ட் குறிச்சொல்லை நீக்கினால் அழகு குறையும், அவ்வளவுதான். சொற்கள் அப்படியே இருக்கும். தமிழ்ப் பக்கத்தில் அதே குறிச்சொல்லை நீக்கினால் தமிழே மறைந்துவிடும். எம், கே, அரைப்புள்ளி என்று குப்பைதான் மிஞ்சும்.

அதாவது, ஆங்கிலத்துக்கு ஃபான்ட் என்பது பூச்சு. தமிழுக்கோ அதுவே சுவராக இருந்தது. உலகமே "அலங்காரத்தைப் பிரித்து வையுங்கள்" என்று கற்றுக்கொண்டிருந்தபோது, அலங்காரத்தைப் பிரித்தால் நம் வீடு இடிந்து விழும் நிலை. 1997 டிசம்பரில் வந்த ஹெச்.டி.எம்.எல். 4, ஃபான்ட் குறிச்சொல்லைக் கைவிடச் சொன்னது. தமிழ்த் தளங்களோ எழுத்துருவின் பெயரை விட்டால் வாயே திறக்க முடியாமல் இருந்தன. தேடுபொறியில் தமிழ்ச் சொல்லைத் தேடவும் வழியில்லை. பக்கத்துக்குள் தமிழ்ச் சொல் என்று ஒன்று இருந்தால்தானே அது தேடிக் கொடுக்கும்?

ஒழுங்கு தேடிய ஆண்டுகள்

எல்லோரும் ஒரே அட்டவணையைப் பின்பற்றினால் குழப்பம் தீரும் என்று பலர் உழைத்தார்கள். உலகத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே விவாதித்து டிஸ்கி என்ற குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக, டாப், டாம் என்ற இரு குறியேற்றங்களையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தமிழக அரசு அறிவித்தது. மூன்று தரங்கள் வந்தன. பழைய எழுத்துருக்களும் தொடர்ந்தன.

இன்னொரு வழி இயங்கு எழுத்துரு. படிப்பவர் எதையும் நிறுவ வேண்டாம், பக்கத்தோடு எழுத்துருவும் தானே இறங்கிவிடும். 1997-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 இதற்கு ஒரு முறை வைத்தது. நெட்ஸ்கேப் வேறொரு முறை வைத்தது. ஒன்றுக்குச் செய்தது மற்றதில் தெரியாது. பார்வைக்குத் தமிழ் கிடைத்தது. உள்ளே இருந்தது அதே ஆங்கிலக் குறிகள்தான்.

ஒருங்குறி

இதற்கெல்லாம் முன்பே, 1991 அக்டோபரில் வெளிவந்த யூனிகோடு முதல் பதிப்பில் தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண் தருவதே அதன் கொள்கை. தமிழ் "அ"வின் எண் வேறு எந்த மொழி எழுத்துக்கும் கிடையாது. எழுத்துரு மாறினாலும் எண் மாறாது.

குறைகளும் இல்லாமல் இல்லை. இஸ்கி என்ற இந்தியத் தரத்தை அடியொற்றியதால், "க்" என்பது "க"வோடு புள்ளி சேர்ந்ததாக அதில் அமைந்தது. மெய்யும் உயிரும் சேர்ந்தே உயிர்மெய் பிறக்கிறது என்று படித்த நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். உயிர்மெய்களுக்குத் தனி எண் இல்லை என்ற மனக்குறையும் அறிஞர்களிடையே இருந்தது.

கருத்து வேறுபாட்டைவிடப் பெரிய தடை இயந்திரம். விண்டோஸ் 2000-த்தில் லதா எழுத்துருவோடு ஒருங்குறித் தமிழ் வந்தது. ஆனால் நம் பிரவுசிங் சென்டர்களில் நெடுநாள் ஓடியது விண்டோஸ் 98. அதில் ஒருங்குறித் தமிழ் ஒழுங்காகத் தெரியாது. இந்தப் பள்ளத்தைத் தாண்டப் பாலம் போட்டவர்களில் ஒருவர் அதிராம்பட்டினம் உமர்தம்பி. ஒருங்குறி முறையில் அவர் செய்த தேனீ இயங்கு எழுத்துரு, பழைய கணினிகளிலும் தமிழ் வலைப்பதிவுகளைப் படிக்க வைத்தது. அதை இலவசமாகவே கொடுத்தார். 2006-ல் அவர் மறைந்தார். பெருநகர வசதிகள் இல்லாத கடற்கரை ஊரிலிருந்து செய்த பணி அது என்பதை நம் போன்ற சிற்றூர் மாணவர்கள் மறக்கக் கூடாது.

இ-கலப்பை போன்ற இலவசத் தட்டச்சு மென்பொருள்களும், பழைய குறியேற்றங்களை மாற்றித் தரும் சுரதாவின் பொங்குதமிழ் செயலியும் துணை நின்றன. 2003-ல் தமிழ் விக்கிப்பீடியா ஒருங்குறியிலேயே தொடங்கியது. தமிழ் வலைப்பதிவுகளும் அக்காலத்தில்தான் பெருகின. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டி, தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. உயிர்மெய்களுக்கும் தனி இடம் தரும் டேஸ் 16 என்ற முறையும் உடன் ஏற்கப்பட்டது. வலையில் நிலைத்தது ஒருங்குறிதான்.

கோட்டையூர் சொல்லும் பாடம்

காரைக்குடிக்கு அடுத்துள்ள கோட்டையூரில் வாழ்ந்தவர் ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். எழுத்துக்கு ஒப்பனை செய்வதே அவர் தொழில். ஆனால் வாழ்நாள் முழுதும் அவர் சேர்த்தது பழைய நூல்கள், இதழ்கள், நோட்டீசுகள், அழைப்பிதழ்கள். 1992-ல் அவர் மறைந்தபோது அவை சுமார் ஒரு லட்சம். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கியது. அவற்றைக் கொண்டு சென்னையில் அமைந்ததே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்.

அங்குள்ள பத்தொன்பதாம் நூற்றாண்டு நூலை இன்று பிரித்தாலும் படிக்கலாம். தாள் பழுத்திருக்கும், எழுத்து எழுத்தாகவே இருக்கும். 1998-ல் எழுதிய தமிழ் வலைப்பக்கம் ஒன்றைச் சேமித்து வைத்து இன்று திறந்தால் அந்த எழுத்துரு இல்லாமல் ஒரு சொல்கூடப் புரியாது. நூறாண்டு கடந்த நூல் பேசுகிறது, முப்பது ஆண்டுகூட ஆகாத பக்கம் ஊமையாகிவிட்டது.

அந்த ஊமைப் பக்கத்தை மீட்க முடியும். எந்த எழுத்துருவில் எழுதினார்கள் என்று தெரிந்தால், மாற்றி கொண்டு ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிடலாம். அந்தப் பெயர் எங்கே இருக்கும்? பெரும்பாலும் அதே ஃபான்ட் குறிச்சொல்லில்தான்! கைவிடச் சொன்ன குறிச்சொல்லே பெட்டியின் சாவியாக நிற்கிறது. பழைய தளங்களைப் புதுப்பிப்பவர்கள் அதைக் குப்பை என்று அழித்துவிட்டால் சாவி தொலைந்தது.

இது பழங்கதை இல்லை. கோயில் கும்பாபிஷேக மலர், ஊர் வரலாறு, குடும்ப மலர் எல்லாம் அண்மைக்காலம் வரை டி.டி.பி. கடைகளில் பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டவை. அவற்றை அப்படியே வெட்டி வலைப்பக்கத்தில் ஒட்டினால் 1998-ன் பிழையை மறுபடி செய்கிறோம்.

வகுப்பில் கற்க வேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து, வலை வடிவமைப்பு கற்கும் மாணவர்களுக்குச் சில பாடங்கள் கிடைக்கின்றன.

1. பக்கத்தின் தலைப்பகுதியில் குறியேற்றம் யு.டி.எஃப்-8 என்றும், மொழி தமிழ் என்றும் குறிப்பிட வேண்டும்.

2. தலைப்பைத் தலைப்பு என்றும் பத்தியைப் பத்தி என்றும் குறிக்க வேண்டும். நிறம், அளவு, எழுத்துரு எல்லாம் ஸ்டைல் ஷீட்டுக்குள் போகட்டும்.

3. தமிழுக்கு மேலே விசிறி, கீழே வளைவு என்று கொம்பும் சுழியும் உண்டு. ஆங்கிலத்துக்குப் போதும் வரி இடைவெளி தமிழுக்கு நெருக்கும். கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும்.

4. சாய்வெழுத்து தமிழ் அச்சு மரபில் இல்லாதது. அழுத்தம் வேண்டுமென்றால் தடித்த எழுத்தோ வேறு நிறமோ போதும்.

5. விரும்பிய எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்ப இன்று எல்லா உலாவிகளும் இடம் தருகின்றன. அது இறங்காவிட்டாலும் வேறோர் எழுத்துருவில் தமிழ் தெரியும். ஒப்பனை இப்போதுதான் வெறும் ஒப்பனை ஆகியிருக்கிறது.

6. கடைசியாக ஒரு சோதனை. ஸ்டைல் ஷீட்டை எடுத்துவிட்டுப் பக்கத்தைப் பாருங்கள். அழகில்லாமல் இருக்கலாம். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்க முடிந்தால் பக்கம் சரி.

முடிவுரை

பாமினியில் அடித்தால் என்ன என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். அச்சடித்துக் கையில் கொடுப்பதற்கு அதில் தவறேதும் இல்லை, தாளில் விழுந்த பின் எழுத்து எழுத்துதான். வலையில் போடுவதற்கு முன் மட்டும் ஒருங்குறிக்கு மாற்றிவிடுங்கள். உங்கள் ஊர்க் கோயில் மலரோ, பாட்டனார் எழுதிய பர்மா பயணக் குறிப்போ வீட்டுக் கணினியில் பழைய எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துருவின் பெயரை இன்றே ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். மாற்றும் வேலையைப் பிறகு செய்துகொள்ளலாம். பெயர் தெரியாமல் போனால், நாளை மாற்ற உட்காருபவருக்கு அது பெரும்பாடு.