ஊதியமும் பருவமும்: மும்பையின் தொழில்முறை ஹாக்கி அணிகள், 2005–2017

2005 பிப்ரவரி 16 அன்று வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக், தன் 2004–05 பருவம் முழுவதையும் கைவிடுவதாக அறிவித்தது. 30 அணிகள் 1,230 ஆட்டங்களை ஆடியிருக்க வேண்டிய பருவம் அது. ஓர் ஆட்டம்கூட நடைபெறவில்லை. 1919இல் கொள்ளைநோயின் காரணமாக ஸ்டான்லி கோப்பை யாருக்கும் வழங்கப்படாமல் போனது. அதன்பின் அக்கோப்பைக்கு உரியவர் இல்லாமற்போனது இந்த ஆண்டில்தான். இம்முறை காரணம் நோயன்று, கதவடைப்பு. அணி உரிமையாளர்கள் ஆட்டக்காரர்களின் ஊதியத்துக்கு உச்சவரம்பு கோரினர்; ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கம் அதை மறுத்தது. 310 நாட்கள் நீடித்த அக்கதவடைப்பின் முடிவில், அணி ஒன்றுக்கு 3.9 கோடி டாலர் என்ற உச்சவரம்பையும் 24 விழுக்காட்டு ஊதியக் குறைப்பையும் சங்கம் ஏற்க நேர்ந்தது.

அதே குளிர்காலத்தில், பனிக்கட்டிக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் தொடர்பே இல்லாத ஐதராபாத்தின் கச்சிபௌலி அரங்கில், இந்தியாவின் முதல் தொழில்முறை ஹாக்கிப் பருவம் தொடங்கியது. பிரீமியர் ஹாக்கி லீக் என்று அதற்குப் பெயர். மும்பையும் மராத்திய மண்ணும் சார்ந்த அணியாக மராத்தா வாரியர்ஸ் அதில் களமிறங்கியது. தமிழ்நாட்டின் சார்பில் சென்னை வீரன்ஸ் ஆடியது.

இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பருவம் நடவாமற்போவதற்கும் ஆட்டக்காரர்களின் இசைவோ மறுப்போ காரணமாகலாம் என்னும் நிலை அங்கு இருந்தது. சங்கம் தோற்றது உண்மை. ஆயினும் பேச்சுவார்த்தை மேசையில் அதற்கு ஓர் இருக்கை இருந்தது. இங்கு 2005 முதல் 2017 வரை மும்பையின் பெயரால் தோன்றி மறைந்த அணிகளின் வரலாற்றில் அத்தகைய இருக்கை எங்கே இருந்தது என்பதே என் வினா. விளையாட்டு வரலாறு பயிலும் மாணவர்கள் வெற்றி தோல்விப் பட்டியல்களை எளிதில் திரட்டிவிடுகின்றனர். ஊதிய வரலாறு அவ்வளவு எளிதில் அகப்படுவதில்லை.

தொழில்முறை லீக் வருமுன் மும்பை ஹாக்கி ஊதியமற்ற ஆட்டமாக இருந்தது என்று கொள்வது பிழை. 1896இல் தொடங்கிய ஆகா கான் கோப்பைப் போட்டியின் காலந்தொட்டு இந்நகரத்து ஹாக்கி, சங்கங்களையும் படைப்பிரிவுகளையும் அலுவலகங்களையும் சார்ந்தே வளர்ந்தது. விடுதலைக்குப் பின் ரயில்வே, சுங்கத்துறை, டாட்டா, மகிந்திரா, வங்கிகள், விமான நிறுவனங்கள், எண்ணெய் நிறுவனங்கள் ஆகியவை அணிகளை வைத்திருந்தன. ஒலிம்பிக் விதிகள் தொழில்முறை ஆட்டக்காரரை விலக்கிவைத்திருந்த காலத்தில், நிறுவன உத்தியோகம் அவ்விதியோடு மோதாத வழியாயிற்று. ஆட்டக்காரர் பதிவேட்டில் எழுத்தராகவோ மேற்பார்வையாளராகவோ இருப்பார். மாலையில் மைதானத்தில் இருப்பார். ஊதியம் மாதந்தோறும் வரும். முழங்கால் போனபின்னும் வரும். இந்தக் கடைசிக் கூறுதான் பின்வந்த லீக்குகளோடு ஒப்பிடும்போது முதன்மை பெறுகிறது.

சர்ச்கேட் நிலையத்துக்கு அருகிலுள்ள ஹாக்கி அரங்கில் 1982ஆம் ஆண்டு உலகக் கோப்பை நடைபெற்றது. பாகிஸ்தான் மேற்கு ஜெர்மனியை 3–1 என வென்ற இறுதியாட்டம் ஜனவரி 12 அன்று. ஆறு நாட்கள் கழித்து, ஜனவரி 18 அன்று, தத்தா சாமந்த் தலைமையில் பம்பாய் ஜவுளித் தொழிலாளர்களின் பெரும் வேலைநிறுத்தம் தொடங்கியது. இவற்றுக்கிடையே காரண காரியத் தொடர்பு ஏதும் இல்லை. ஆனால் ஆலை உத்தியோகம் என்னும் நிலைபேறு குலையத் தொடங்கிய நகரத்தில்தான் அடுத்த தலைமுறை ஹாக்கி ஆட்டக்காரர்கள் வேலை தேடி வந்தனர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

அவ்வாறு வந்தவர்களில் இரு சகோதரர்கள் தமிழர். புனேயை அடுத்த கட்கியில், படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில், மைதானப் பராமரிப்பாளரின் மக்களாக வளர்ந்தவர்கள். மூத்தவர் ரமேஷ் பிள்ளை, ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அண்ட் ஃபெர்டிலைசர்ஸ் என்னும் ஆர்.சி.எஃப். அணிக்காக மும்பை லீகில் ஆடினார், இந்தியாவுக்காகவும் ஆடியவர். இளையவர் தன்ராஜ் பிள்ளை, உடைந்த மட்டைகளைக் கொண்டு குடியிருப்பின் புழுதித் தரையில் ஆடக் கற்றவர். 1980களின் நடுப்பகுதியில் அண்ணனைத் தொடர்ந்து மும்பைக்கு வந்தார். பின்னர் மகிந்திரா அணியில் ஜோவாகிம் கார்வாலோவின் பயிற்சியில் உருவானார். ஆர்.சி.எஃப். உரத் தொழிற்சாலை செம்பூரில் உள்ளது. நான் வாழும் சான்பாடாவிலிருந்து ஹார்பர் பாதையில் மான்கூர்ட், கோவண்டி கடந்தால் செம்பூர். அவ்வழியே நாள்தோறும் செல்லும் தமிழர்களுள் எத்தனை பேர் அத்தொழிற்சாலையை ஹாக்கியோடு இணைத்து எண்ணுவர் என்பது ஐயமே. மாட்டுங்காவின் கோயில்கள், தாராவியின் தோல் பதனிடும் கூடங்கள், செம்பூரின் பள்ளிகள் என எழுதப்படும் மும்பைத் தமிழர் வரலாற்றில் தொழிற்சாலை விளையாட்டு அணிகளுக்கு இன்னும் ஒரு பத்திகூட ஒதுக்கப்படவில்லை என்பது என் மனக்குறை.

1998 டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தன்ராஜின் தலைமையில் இந்தியா தங்கம் வென்றது. 1966க்குப் பின், 32 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த தங்கம். அதையடுத்து அவரும் மூத்த ஆட்டக்காரர்கள் அறுவரும் அணியில் இடம்பெறவில்லை. ஓய்வு அளிக்கப்பட்டது என்பது அதிகாரபூர்வ விளக்கம். ஆட்டப்படி போதாது, நிலுவை தரப்படவில்லை என்று அவர்கள் வெளிப்படையாகப் பேசியதற்கான பதிலடி என்றே அது பரவலாகக் கருதப்பட்டது. வட அமெரிக்காவில் ஊதியக் கோரிக்கை கதவடைப்பாக வெடித்தது. இங்கு அதே கோரிக்கை 'ஓய்வு' என்ற சொல்லால் முடித்துவைக்கப்பட்டது. நிறுவன உத்தியோகம் இருந்தமையால் அவ்வேழு பேரும் பட்டினி கிடக்கவில்லை. அதே காரணத்தால் அவர்களுக்குச் சங்கம் அமைக்கும் தேவையும் எழவில்லை எனக் கருதுகிறேன். இது என் ஊகம், மறுப்போர் மறுக்கலாம்.

இப்பின்னணியில்தான் 2005ஆம் ஆண்டின் லீக்கைக் காண வேண்டும். இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பும் இ.எஸ்.பி.என். தொலைக்காட்சியும் அதன் பின்னால் நின்றன. இரு பாதிகளாக ஆடப்பட்ட 70 நிமிட ஆட்டம், பதினேழரை நிமிடங்கள் கொண்ட நான்கு காற்பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. இடைநேரம் கோரும் உரிமையும் அணிகளுக்கு வழங்கப்பட்டது. ஐஸ் ஹாக்கி, கூடைப்பந்து முதலிய அமெரிக்க ஆட்டங்களின் கால அமைப்பு விளம்பரத்தின் தேவையால் இந்தியப் புல்தரைக்கு, இன்னும் சரியாகச் சொன்னால் செயற்கைத் தரைக்கு, வந்து சேர்ந்தது. அன்று பலர் நகைத்தனர். 2014 செப்டம்பரில் பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பே 15 நிமிடக் காற்பகுதிகளை ஏற்றுக்கொண்டது.

அப்போது 36 வயதான தன்ராஜ் மராத்தா வாரியர்ஸ் அணிக்காக ஆடினார். ஆயினும் அம்முதற்பருவத்தில் மராத்தா வாரியர்ஸ் தன் நகரத்தில் ஆடவே இல்லை. ஆட்டங்கள் யாவும் ஐதராபாத்தில். கோப்பையும் ஐதராபாத் சுல்தான்ஸ் அணிக்கே. நகரத்தின் பெயரைத் தாங்கிய அணிக்கு நகரம் ஒரு சட்டைப்பட்டையாக மட்டுமே இருந்தது. நான்கு பருவங்களோடு, 2008இல் அந்த லீக் முடிந்தது. அவ்வாண்டு மார்ச்சில் சாண்டியாகோவில் தோற்று இந்தியா பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறத் தவறியதும், ஏப்ரலில் கே.பி.எஸ். கில் தலைமையிலான கூட்டமைப்பை இந்திய ஒலிம்பிக் சங்கம் இடைநீக்கம் செய்ததும் யாவரும் அறிந்தவை.

அதன்பின் நடந்தது ஆட்சியுரிமைப் போட்டி. 2009இல் உருவான ஹாக்கி இந்தியா ஒருபுறம்; பழைய கூட்டமைப்பு மறுபுறம். 2010 ஜனவரியில், தில்லி உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்தபோது, புனே பயிற்சி முகாமில் இந்திய அணியினர் நிலுவைத் தொகை கேட்டுப் பயிற்சியைப் புறக்கணித்தனர். இந்திய ஹாக்கி வரலாற்றில் வேலைநிறுத்தம் என்ற சொல் பொருந்தக்கூடிய அரிய தருணம் அது. சில நாட்களில் சமரசம் ஏற்பட்டது. ஆனால் அந்தப் புறக்கணிப்பிலிருந்து நிலையான சங்கம் எதுவும் முளைக்கவில்லை. 2005க்கும் 2017க்கும் இடைப்பட்ட முழுக் காலத்தையும் விளக்கும் திறவுகோலாக நான் கருதுவது இதையே.

2012 பிப்ரவரி 29 முதல் ஏப்ரல் 2 வரை, பழைய கூட்டமைப்பும் நிம்பஸ் நிறுவனமும் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியை நடத்தின. எட்டு அணிகள். மும்பையின் அணிக்கு இப்போது மும்பை மரீன்ஸ் என்று பெயர். சென்னைக்குச் சென்னை சீட்டாஸ். பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஒப்புதல் இப்போட்டிக்கு இல்லை. எனவே இதில் ஆடுவது தேசிய அணிக்கான வாய்ப்பைப் பணயம் வைப்பதாயிற்று. இரு நிர்வாகங்களின் பூசலில் ஆட்டக்காரர் தம் ஆட்டவாழ்வைக் கொண்டு பந்தயம் கட்ட வேண்டியிருந்தது. இறுதியாட்டம் சர்ச்கேட் அரங்கில் நடந்தது. ஷேர்-இ-பஞ்சாப் அணி புனே ஸ்டிரைக்கர்ஸை 5–2 என வென்றது. இப்பருவத்தில் தன்ராஜ், 43ஆம் வயதில், கர்நாடகா லயன்ஸ் அணிக்காக ஆடினார். மும்பையில் உருவான ஆட்டக்காரர் மும்பை என்ற பெயர் கொண்ட அணிக்கு எதிராக! இரண்டாம் பருவம் அறிவிக்கப்பட்டது; நடைபெறவில்லை.

2013 ஜனவரியில் ஹாக்கி இந்தியா லீக் வந்தது. இதற்குப் பன்னாட்டு ஒப்புதலும் உண்டு. மும்பை அணிக்கு மூன்றாம் பெயர்: மும்பை மெஜிஷியன்ஸ். பயிற்சியாளர் ஆஸ்திரேலியாவின் ரிக் சார்ல்ஸ்வொர்த். தலைவர் சந்தீப் சிங். 2012 டிசம்பர் ஏலத்தில் இந்தியர்களுள் உச்ச விலை பெற்ற சர்தார் சிங்குக்குத் தில்லி அணி 78,000 டாலர் அளித்தது. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 42 லட்சம் ரூபாய். ஒரு மாத ஆட்டத்துக்கு இத்தொகை இந்திய ஹாக்கி அதுவரை அறியாதது. தன்ராஜின் தலைமுறை ஆட்டப்படிக்காகக் குரல் எழுப்பியதை எண்ணுங்கால், இவ்வளர்ச்சியைச் சிறிதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் மெஜிஷியன்ஸின் பருவம் வேறொன்றையும் காட்டியது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் இந்திய வீரர்கள் கொல்லப்பட்டதை அடுத்து, ஜனவரி 13 அன்று அணி பயிற்சி செய்துகொண்டிருந்த அரங்கில் சிவசேனைத் தொண்டர்கள் போராட்டம் நடத்தினர். அணியில் பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் நால்வர் இருந்தனர். இரு நாட்களில் லீக் முழுவதிலும் இருந்த ஒன்பது பாகிஸ்தானியரும் திருப்பி அனுப்பப்பட்டனர். ஏலத்தில் எடுத்து ஒப்பந்தம் செய்த அணியின் சமநிலை, பருவம் தொடங்கிய வேளையிலேயே குலைந்தது. மும்பை ஐந்து அணிகளுள் கடைசி இடம் பெற்றது. தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று எவரும் நிறுவ இயலாது. நான்கு இடங்கள் காலியானமை சிறு காரணமும் அன்று. ஒப்பந்தத்தின் வலிமை எவ்வளவு என்பதை அந்த இரண்டு நாட்கள் அளந்து காட்டின. அணியின் பிற ஆட்டக்காரர்கள் கூட்டாக ஓர் அறிக்கை விடுவதற்கான அமைப்பும் இல்லை.

2014இல் உரிமையாளர் மாறினார்; பெயரும் தபங் மும்பை என்று மாறியது. இது நான்காம் பெயர். 2017 இறுதியாட்டத்தில் கலிங்கா லான்சர்ஸிடம் தபங் மும்பை தோற்றது. அதுவே அந்த லீக்கின் கடைசி ஆட்டமாகவும் அமைந்தது. 2018இல் லீக் நடைபெறவில்லை. 2024 டிசம்பர் 28 அன்று ரூர்கேலாவில் அது மீண்டும் தொடங்கியபோது எட்டு ஆடவர் அணிகளுள் மும்பையின் பெயர் இல்லை. தமிழ்நாடு டிராகன்ஸ் இருந்தது. அவ்வணியும் தன் முதற்பருவத்தைத் தமிழ்நாட்டு மண்ணில் ஆடவில்லை.

பழைய நிறுவன ஹாக்கியைப் பொற்காலமாக்கிப் பேசுவது என் நோக்கமன்று. அதில் மேலதிகாரியின் தயவு இருந்தது, பதவி உயர்வில் பாகுபாடு இருந்தது, பெண்களுக்கு மிகச் சில இடங்களே இருந்தன. லீக் அளித்த பணமும் அயல்நாட்டு ஆட்டக்காரரோடு தோள் உரசி ஆடிய அனுபவமும் மெய்யான பயன்கள். என் வாதம் குறுகியது: பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு பெயர்களில் வந்த மும்பை அணிகளுள் எதிலும், அடுத்த பருவம் உண்டா என்பதை முடிவு செய்வதில் ஆட்டக்காரருக்குப் பங்கு இருக்கவில்லை. இந்த ஆண்டுகளிலும் பெரும்பாலோருக்குப் பதினோரு மாத வருவாயாக இருந்தது ரயில்வேயோ எண்ணெய் நிறுவனமோ வங்கியோ அளித்த உத்தியோகமே. லீக், அந்த உத்தியோகத்தின் தோள்மீது ஏறி நின்று ஆடியது.

ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்களுக்கு ஒரு சொல். லீக்குகளின் ஆட்டவிவரம் நாளிதழ்க் கோப்புகளில் கிடைக்கும். நிறுவன அணிகளின் வரலாறோ பணியாளர் பதிவேடுகளிலும், விளையாட்டு ஒதுக்கீட்டு நியமன ஆணைகளிலும், தொழிற்சாலை இதழ்களிலும், ஓய்வுபெற்றோர் வீட்டு அலமாரிகளிலும் சிதறிக் கிடக்கிறது. செம்பூர், திராம்பே, மாட்டுங்கா ரயில்வே பணிமனை ஆகிய மூன்று இடங்களில் தொடங்கலாம். தமிழ், மராத்தி, கொங்கணி ஆகிய மூன்றையும் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடியவர் ஒருவர் இப்பணியை ஏற்றால் நன்று; பழைய ஆட்டக்காரர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.