ஆட்சி கைமாறும் இடைக்காலம்

அரசாங்கக் காரியாலயம் ஒன்றில் பணிபுரியும் உத்தியோகஸ்தர் வேறோர் ஊருக்கு மாற்றப்பட்டால், தமக்குப் பின் வருபவரிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டே புறப்படுகிறார். முடிந்த கோப்புகள் இவை, நிலுவையில் உள்ளவை இவை, இரும்புப் பெட்டியின் சாவி இது, இருப்பு இவ்வளவு என்று எழுதி இருவரும் கையொப்பம் இடுகின்றனர். அவ்விருவரிடையே நட்பு இருக்கலாம், மனத்தாங்கலும் இருக்கலாம். ஒப்படைப்புப் பட்டியலில் அதற்கு இடமில்லை. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அரசுப் பணியிலும் ரயில்வேயிலும் பாங்குகளிலும் காலங்கழித்த நம்மவர் பலருக்கும் இம்முறை நன்கு பழகியதே. ஒரு தேசத்தின் தலைமைப் பொறுப்பே இவ்வாறு கைமாற வேண்டியிருந்து, கொடுப்பவரும் பெறுபவரும் தேர்தலில் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றவர்களாகவும் இருந்தால் என்ன நேரும்? இக்கேள்விக்கு ஐக்கிய அமெரிக்காவின் சரித்திரம் பல விடைகளைத் தருகிறது. அவற்றுள் 1932-33 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நிகழ்ந்ததை இங்கே விரிவாகக் காண்போம்.

முதலில் அந்நாட்டின் முறையை அறிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் நடைபெறுவது பாராளுமன்ற ஆட்சி. பொதுத் தேர்தலின் முடிவு வெளிவந்தபின், பெரும்பாலும் சில நாட்களிலேயே புதிய மந்திரிசபை பதவியேற்கிறது. அமெரிக்காவிலோ நவம்பர் மாதத்தில் ஜனாதிபதித் தேர்தல் நடைபெறும். வென்றவர் பதவியேற்பது அக்காலத்தில் அடுத்த மார்ச் 4 ஆம் தேதி. குதிரை வண்டியில் பயணம் செய்த தலைமுறைக்கு நான்கு மாத அவகாசம் தேவையாக இருந்தது. ரயிலும் தந்தியும் வந்த பின்னரும் அந்த அவகாசம் குறையவில்லை. அந்த நான்கு மாதங்களில் பழைய ஜனாதிபதியிடம் அதிகாரம் உண்டு. மக்களின் ஆதரவு இல்லை. புதியவரிடம் மக்களின் ஆதரவு உண்டு; அதிகாரம் இல்லை. 1860 நவம்பரில் ஆபிரகாம் லிங்கன் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1861 மார்ச்சில் பதவியேற்பதற்குள் தென் மாநிலங்கள் ஏழு பிரிந்து சென்றுவிட்டன. மாநிலங்கள் பிரிந்து செல்ல உரிமையில்லை, எனினும் அவற்றைத் தடுக்கத் தமக்கு அதிகாரமுமில்லை என்று கூறிவந்தார் பதவி விலகவிருந்த புக்கானன். இந்த இடைவெளி எத்துணை ஆபத்தானது என்பதை அந்நாடு அன்றே கண்டிருந்தது.

இனி 1932 ஆம் ஆண்டுக்கு வருவோம். அப்போது ஜனாதிபதியாக இருந்தவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஹூவர். பொறியியல் வல்லுநர், முதல் உலகப் போரின்போது பெல்ஜிய மக்களுக்கு உணவு கிடைக்கச் செய்து உலகப் புகழ் பெற்றவர். அவர் பதவியேற்ற 1929 ஆம் ஆண்டிலேயே, அக்டோபர் மாதத்தில், நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. தொழில்கள் முடங்கின. 1933 இன் தொடக்கத்தில் உழைப்பாளரில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் வேலையின்றி இருந்தார். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர், நியூயார்க் மாநிலத்தின் கவர்னர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். உட்ரோ வில்சனின் ஆட்சியில் இருவரும் பதவி வகித்து நல்லுறவு கொண்டிருந்தவர்களே. தேர்தல் போராட்டம் அவ்வுறவை முறித்துவிட்டது. 1932 நவம்பர் 8 ஆம் தேதி நடந்த தேர்தலில் 48 மாநிலங்களில் 42 ரூஸ்வெல்ட்டின் பக்கம் நின்றன.

தோல்வியுற்ற நான்காம் நாளே ஹூவர் ரூஸ்வெல்ட்டிற்குத் தந்தி அனுப்பினார். ஐரோப்பிய நாடுகள் செலுத்த வேண்டிய போர்க் கடன்களைப் பற்றிக் கலந்து பேசலாம் என்பது அழைப்பு. நவம்பர் 22 ஆம் தேதி வெள்ளை மாளிகையில் இருவரும் சந்தித்தனர். நிதி இலாகாவின் தலைவர் ஆக்டன் மில்ஸ் ஹூவருடன் இருந்தார். பேராசிரியர் ரேமண்ட் மோலி ரூஸ்வெல்ட்டுடன் வந்திருந்தார். சந்திப்பினால் பயனொன்றும் விளையவில்லை. நெருக்கடியின் வேர் அயல்நாட்டுப் பொருளாதாரத்தில் இருக்கிறது என்று ஹூவர் கருதினார். உள்நாட்டுச் சீர்திருத்தமே முதல் வேலை என்று ரூஸ்வெல்ட் கருதினார்.

குளிர்காலம் முதிர முதிர ஆபத்து வேறொரு வாயிலில் வந்து நின்றது. பாங்கு என்பது மக்கள் போட்ட பணத்தை அப்படியே பூட்டி வைத்திருக்கும் இடமன்று. பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்துவிட்டு, சிறுபகுதியையே கையில் வைத்திருக்கும். எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் எந்தப் பாங்காலும் கொடுக்க இயலாது. 1933 பிப்ரவரி 14 ஆம் தேதி மிச்சிகன் மாநிலத்தின் கவர்னர் அம்மாநிலப் பாங்குகள் அனைத்தையும் எட்டு நாட்கள் மூடும்படி உத்தரவிட்டார். செய்தி பரவவே, மற்ற மாநிலங்களிலும் பாங்குகளின் வாசலில் மக்கள் வரிசையாக நின்றனர்.

பிப்ரவரி 18 ஆம் தேதி ஹூவர் தம் கைப்பட ரூஸ்வெல்ட்டிற்கு ஒரு கடிதம் எழுதினார். பெறுபவரின் பெயரில் எழுத்துப் பிசகும் அளவுக்கு அவசரம். நாணய மதிப்பைக் குறைக்கமாட்டேன், வரவு செலவைச் சரிக்கட்டுவேன் என்று ரூஸ்வெல்ட் பகிரங்கமாக உறுதி கூறினால் மக்களின் அச்சம் தணியும் என்பது கடிதத்தின் சாரம். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றுகிறது. ஆயினும் அடுத்த சில நாட்களில் ஹூவர் தம் கட்சியைச் சேர்ந்த செனட்டர் டேவிட் ரீடுக்கு எழுதிய கடிதத்தையும் சரித்திரம் பாதுகாத்து வைத்திருக்கிறது. இத்தகைய உறுதிமொழியை ரூஸ்வெல்ட் அளித்தால், அவர் முன்வைத்த புதிய திட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கைக் கைவிட்டவராவார் என்று ஹூவரே அதில் எழுதியிருந்தார். ஒத்துழைப்பை நாடிய கையிலேயே, தேர்தலில் இழந்ததை மீட்கும் முயற்சியும் இருந்தது.

மறுபக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. ரூஸ்வெல்ட் அக்கடிதத்திற்குப் பத்து நாட்களுக்கு மேலாகப் பதில் அனுப்பவில்லை. அதிகாரம் கைக்கு வராத நிலையில் பொறுப்பை மட்டும் ஏற்பது முறையன்று என்பது அவர் வாதம். அதுவும் நியாயமே. ஆனால் பழைய ஆட்சியின் மீது பழி முழுவதும் விழுந்தபின் தாம் புதிதாகத் தொடங்குவது அரசியலில் இலாபம் என்ற கணக்கும் அந்த மௌனத்தில் கலந்திருந்தது எனச் சரித்திராசிரியர் பலர் கருதுகின்றனர். இருவருக்கும் தத்தம் காரணங்கள் இருந்தன. வரிசையில் நின்றவர்களின் சேமிப்புக்குத்தான் காவலர் இல்லை.

மார்ச் 3 ஆம் தேதி மாலை, வழக்கப்படி ரூஸ்வெல்ட் தேநீர் உபசாரத்திற்காக வெள்ளை மாளிகைக்கு வந்தார். அங்கும் பாங்குகளைப் பற்றிய பேச்சே எழுந்தது. தேசம் முழுவதற்கும் பாங்கு விடுமுறை அறிவிக்கும் அதிகாரம் 1917 ஆம் ஆண்டின் போர்க்காலச் சட்டம் ஒன்றில் இருப்பதாகக் கூறப்பட்டது. அச்சட்டம் இதற்குப் பொருந்துமா என்ற ஐயம் ஹூவருக்கு இருந்தது. ஆகவே ரூஸ்வெல்ட்டும் சம்மதம் அளித்தால் செய்யலாம் என்றார். தாங்களே உங்கள் பொறுப்பில் செய்துகொள்ளலாம் என்பது ரூஸ்வெல்ட்டின் நிலை. இரவு கழிந்தது, அறிவிப்பு வெளிவரவில்லை. மறுநாள் விடியுமுன் நியூயார்க், இல்லினாய் மாநிலங்களின் கவர்னர்களும் பாங்குகளை மூடிவிட்டனர். அன்று காலை திறந்த மோட்டாரில் இருவரும் அருகருகே அமர்ந்து பதவியேற்பு விழாவுக்குச் சென்றனர். வழியில் அவர்களிடையே பேச்சு அதிகமில்லை.

இதுவரை கூறியது தலைவர்களின் கதை. அதே நேரத்தில் நிதி இலாகாவின் கட்டடத்தில் வேறொரு கதை நடந்துகொண்டிருந்தது. ஹூவரின் அதிகாரிகளான மில்ஸும் ஆர்தர் பாலன்டைனும் பதவி முடிந்தது என்று மூட்டை கட்டவில்லை. புதிய நிதித் தலைவர் வில்லியம் வூடினுடனும் மோலியுடனும் இரவு பகலாக அமர்ந்தனர். எந்தப் பாங்கு வலுவுள்ளது, எது தேறாது என்ற விவரம் அவர்களிடமே இருந்தது. அவர்கள் முன்பே வகுத்திருந்த திட்டங்களைப் புதியவர்கள் தயக்கமின்றி ஏற்றனர். தாம் எந்தக் கட்சியினர் என்பதையே அந்நாட்களில் யாவரும் மறந்திருந்தனர் என்று மோலி பிற்காலத்தில் எழுதியுள்ளார்.

பலன் விரைவில் தெரிந்தது. மார்ச் 6 ஆம் தேதி, ஹூவர் தயங்கிய அதே 1917 ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டே ரூஸ்வெல்ட் பாங்கு விடுமுறையை அறிவித்தார். 9 ஆம் தேதி அவசர பாங்குச் சட்டம் காங்கிரஸ் சபைகள் இரண்டிலும் ஒரே நாளில் நிறைவேறியது. செனட்டில் ஆதரவு 73, எதிர்ப்பு 7. பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் தலைவரே எழுந்து மசோதாவை ஆதரித்தார். 12 ஆம் தேதி ஞாயிறு இரவு ரூஸ்வெல்ட் வானொலியில் பேசினார். பாங்கு எவ்வாறு இயங்குகிறது, எதற்காக மூடப்பட்டது, எவ்வாறு திறக்கப்படும் என்பவற்றை எளிய சொற்களில் விளக்கினார். அப்பேச்சின் வரைவைச் செப்பனிட்டவர்களுள் பாலன்டைனும் ஒருவர். சுமார் 6 கோடி மக்கள் அதைக் கேட்டதாக மதிப்பிடப்படுகிறது. மறுநாள் பாங்குகள் திறந்தபோது மக்கள் மீண்டும் வரிசையில் நின்றனர். இம்முறை எடுத்துச் சென்ற பணத்தைத் திரும்பப் போடுவதற்காக!

மூன்று வாரமாக இயலாதது எட்டே நாட்களில் எவ்வாறு இயன்றது? புதிய அதிகாரம் வந்தது ஒரு காரணம். மற்றொன்றையும் நாம் கவனிக்க வேண்டும். ஹூவரும் ரூஸ்வெல்ட்டும் கொள்கையில் ஒன்றுபட முயன்று தோற்றனர். அவர்களின் அதிகாரிகள் கொள்கையில் ஒன்றுபடவில்லை. அதற்கு முயலவும் இல்லை. கையிலிருந்த விவரங்களை ஒப்படைத்தனர், அவ்வளவே. தேர்தலில் மக்கள் தீர்த்துவிட்ட விஷயத்தை மீண்டும் பேரம் பேசுவது ஒத்துழைப்பாகாது. தம்மிடமுள்ள விவரத்தையும் அனுபவத்தையும் அடுத்தவரிடம் மறைக்காமல் தருவதே ஒத்துழைப்பு. இதற்குக் கட்சிப் பற்றைத் துறக்க வேண்டியதில்லை. ஹூவர் கடைசிவரை ரூஸ்வெல்ட்டின் திட்டங்களைக் கண்டித்தே வந்தார். அது அவர் உரிமை.

இத்தகைய இடைவெளியின் ஆபத்தைக் குறைக்க அமெரிக்கர் சட்டத்தின் துணையையும் நாடினர். நெப்ராஸ்கா செனட்டர் ஜார்ஜ் நாரிஸ் பல்லாண்டுகள் வலியுறுத்திய இருபதாவது அரசியல் சட்டத் திருத்தம் 1933 ஜனவரியில் உறுதி பெற்றது. பதவியேற்பு நாள் ஜனவரி 20 ஆயிற்று. 1937 இல் முதன்முறையாக அந்நாளில் விழா நடந்தது. புதிய ஜனாதிபதிக்குக் காரியாலயமும் பணமும் அரசாங்கமே தர வகைசெய்யும் சட்டம் 1964 மார்ச்சில் கையொப்பமாயிற்று. பிறகு 2009 ஜனவரியில், மற்றொரு நிதி நெருக்கடியின் நடுவே, பதவி விலகவிருந்த ஜார்ஜ் புஷ், தமக்குப் பின் வரவிருந்த மாற்றுக் கட்சியினரான ஒபாமாவின் வேண்டுகோளை ஏற்று, 35,000 கோடி டாலர் மீட்பு நிதியைக் காங்கிரஸிடம் தாமே கேட்டார். 1933 இல் நடவாதது அன்று நடந்தது.

ஆயினும் சட்டம் மட்டும் போதுமானதன்று. 2020 ஆம் ஆண்டுத் தேர்தல் நவம்பர் 3 ஆம் தேதி நடந்தது. சட்டப்படியான உதவிகள் பைடன் தரப்பினர்க்குத் திறந்துவிடப்பட்டது 23 ஆம் தேதியன்றுதான். 2021 ஜனவரி 6 அன்று வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்த காங்கிரஸ் கட்டடத்தினுள் ஒரு கூட்டம் புகுந்தது. எண்ணிக்கை தடைப்பட்டு, மீண்டும் தொடங்கி, மறுநாள் அதிகாலையில் முடிந்தது. அடுத்த பதவியேற்பு விழாவுக்கு டிரம்ப் வரவில்லை. 2025 ஜனவரியில் டிரம்ப் மீண்டும் பதவியேற்றபோது பைடன் அவ்விழாவில் அமர்ந்திருந்தார். ஒரே தலைமுறையில் இரண்டு காட்சிகளையும் உலகம் கண்டது.

ஹூவரின் கதையில் இன்னும் ஒரு பகுதி நம் நாட்டைச் சார்ந்தது. ரூஸ்வெல்ட் ஆண்ட பன்னிரண்டு ஆண்டுகளும் ஹூவர் அரசாங்கத்தின் பணிக்கு அழைக்கப்படவில்லை. உலகப் போரில் பசியைப் போக்கிய அனுபவசாலியின் திறமை வீணாயிற்று. ரூஸ்வெல்ட்டிற்குப் பின் வந்த ட்ரூமன், அதே ஜனநாயகக் கட்சியினர், 1946 இல் அவரை அழைத்து உலகின் உணவு நிலையை ஆராய்ந்து வர அனுப்பினார். அப்போது எழுபத்தொரு வயது முதியவரான ஹூவர், உணவுத் தட்டுப்பாட்டால் தவித்த இந்தியாவுக்கும் ஏப்ரல் மாதத்தில் வந்து நிலைமையை நேரில் கண்டார். மாற்றுக் கட்சியினரின் அனுபவமும் தேசத்தின் சொத்தே என்பதை உணர்ந்த ஒருவர் பதவிக்கு வந்தவுடன், பன்னிரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கதவு திறந்தது. அதன் பயன் கடல் கடந்தும் சென்றது. ஆட்சி கைமாறும் காலத்தில் தலைவர்கள் இதனை நினைவிற் கொள்வார்களாயின், அந்த இடைவெளி எவ்வளவு நீளமாயினும் மக்களுக்கு அச்சம் தராது.