ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து: ஆட்ட இடங்களும் அணித்தேர்வு விவாதங்களும்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து என்பது 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உருவான குழு விளையாட்டு ஆகும். கிரிக்கெட் வழியாக நம் வாசகர்களுக்கு நன்கு அறிமுகமான மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில்தான் இதன் இறுதிப் போட்டி வழக்கமாக நடைபெறுகிறது. அணிப்பட்டியல் வெளியானதும், யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள், எடுத்தவரை எந்த இடத்தில் நிறுத்தினார்கள் என்று ரசிகர்கள் வாதிடுவது இந்த விளையாட்டில் தலைமுறைகளாகத் தொடரும் வழக்கம். இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு அன்று. ஆட்டம் எப்படி மாறியது, ஒரு வீரரை அளக்க மக்கள் எந்த அளவுகோலைப் பயன்படுத்தினார்கள் என்பதையெல்லாம் இந்த வாதங்களின் வழியே அறியலாம்.

ஆட்டத்தின் அமைப்பு

இந்த ஆட்டம் நீள்வட்ட மைதானத்தில் நடைபெறுகிறது. ஒவ்வொரு அணியிலும் 18 பேர் களத்தில் இருப்பர். பந்தைக் காலால் உதைக்கலாம். ஒரு கையில் ஏந்தி மறு கை முட்டியால் குத்தி அனுப்பலாம். ஆனால் எறியக் கூடாது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் உண்டு. நடு இரு கம்பங்களுக்கிடையே உதைத்தால் கோல், 6 புள்ளிகள். பக்கத்துக் கம்பங்களுக்கிடையே சென்றால் 'பிஹைண்ட்', 1 புள்ளி.

மாணவர்கள் இங்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இந்த விளையாட்டில் 'ஆஃப்சைடு' விதி கிடையாது என்பதாகும். உலகக் கால்பந்தில் தாக்குதல் வீரர் எதிரணிக் காவலர்களைக் கடந்து நின்று பந்தைப் பெற முடியாதபடி அந்த விதி தடுக்கிறது. இங்கு அத்தகைய தடை இல்லை. காவல் வீரர் ஓடிச்சென்று கோல் அடிக்கலாம். கோல் அடிப்பவர் பின்னே வந்து காக்கலாம். எனவே ஆட்ட இடங்களின் பெயர்கள் பெரும்பாலும் சட்டத்தால் வந்தவை அல்ல, வழக்கத்தால் வந்தவை. வழக்கத்தால் வந்ததை வழக்கத்தை மீறியே மாற்றிவிடலாம். ஓயாத விவாதத்துக்கு வேர் இதுவே.

தோற்றமும் ஆள் எண்ணிக்கையும்

1858-ஆம் ஆண்டு ஜூலை மாதம் டாம் வில்ஸ் என்ற கிரிக்கெட் வீரர், குளிர்காலத்தில் உடல்திறன் குன்றாதிருக்கக் கால்பந்துக் கழகம் ஒன்று தேவை என்று ஒரு மெல்பர்ன் இதழுக்குக் கடிதம் எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்காட்ச் கல்லூரியும் மெல்பர்ன் கிராமர் பள்ளியும் பக்கத்துக்குச் சுமார் 40 பேரை இறக்கி ஆடின. 1859 மே மாதம் மெல்பர்ன் கழகத்தினர் பத்து விதிகளை எழுதினர். அவற்றில் ஓர் அணிக்கு எத்தனை பேர் என்பதும் இல்லை. யார் எங்கே நிற்க வேண்டும் என்பதும் இல்லை.

பின்னர் 20 பேர் கொண்ட அணி வழக்கமாயிற்று. 1897-இல் எட்டுக் கழகங்களுடன் தொடங்கிய விக்டோரியக் கால்பந்து லீக், 1899-இல் எண்ணிக்கையை 18 ஆகக் குறைத்தது. இந்த லீக்கே 1990-இல் ஆஸ்திரேலியக் கால்பந்து லீக் என்று பெயர் மாறியது.

பதினெட்டு இடங்கள்

மரபான அணிப்பட்டியலில் மூன்று மூன்று பேராக ஐந்து வரிசைகள் இருக்கும். கடைசிக் காவல் வரிசையின் நடுவில் 'ஃபுல் பேக்', இரு பக்கமும் 'பேக் பாக்கெட்'. அடுத்தது அரைக் காவல் வரிசை. மூன்றாவது நடுவரிசை; அதன் ஓரங்களில் நிற்பவர் 'விங்' வீரர்கள். நான்காவது அரை முன்வரிசை. ஐந்தாவது வரிசையில் கோல் அடிப்பதையே தொழிலாகக் கொண்ட 'ஃபுல் ஃபார்வர்ட்', அவருக்கு இருபுறமும் 'ஃபார்வர்ட் பாக்கெட்'. மீதி மூவர் பந்து போகுமிடமெல்லாம் பின்தொடர்பவர்கள். இவர்களுள் 'ரக்மேன்' உயரமானவர். நடுவர் மேலெழுப்பும் பந்தை எம்பித் தட்டிவிடுபவர். 'ரோவர்' குள்ளமானவர், வேகமானவர். அப்படித் தட்டிய பந்தைப் பொறுக்குபவர்.

இந்த அமைப்பிலும் தவிர்க்க முடியாதது என்று எதுவும் இல்லை. போட்டி அமைப்பான விக்டோரியக் கால்பந்துச் சங்கம் 1959-இல் 16 பேர் அணிக்கு மாறி, விங் இடங்களையே நீக்கியது. 2017-இல் தொடங்கிய தேசியப் பெண்கள் லீக்கிலும் களத்தில் 16 பேர்தான்.

தேர்வு செய்தவர்கள்

தொடக்க காலத்தில் அணியைத் தேர்ந்தெடுத்தது கழகக் குழு. களத்தில் வழிநடத்தியது அணித்தலைவர். 1902-இல் கார்ல்டன் கழகத்தின் பொறுப்பேற்ற ஜாக் வொரால், இந்த லீக்கின் முதல் பயிற்சியாளராகக் கருதப்படுகிறார். அவர் காலத்தில் கார்ல்டன் 1906, 1907, 1908 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து வாகை சூடியது. ஆயினும் வீரர்களுடன் ஏற்பட்ட பிணக்கால் 1909-இல் அவர் விலக நேர்ந்தது. எசென்டன் கழகத்துக்குச் சென்று அங்கும் 1911, 1912 ஆண்டுகளில் வெற்றி கண்டார். தேர்வு அதிகாரம் ஒருவர் கையில் குவியத் தொடங்கியபோது, அதற்கான பழியும் அவர் தலையிலேயே விழுந்தது.

ரசிகர்கள் இதில் வெறும் பார்வையாளர்களாக இருக்கவில்லை. பெரும்பாலான கழகங்கள் சந்தா செலுத்தும் உறுப்பினர்களைக் கொண்டவை. நிர்வாகிகளை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் உண்டு. சனிக்கிழமை ஆட்டத்துக்கான அணிகள் வியாழன் இரவு அறிவிக்கப்பட்டன. மெல்பர்ன் தொலைக்காட்சியில் லூ ரிச்சர்ட்ஸ், ஜாக் டயர், பாப் டேவிஸ் ஆகிய முன்னாள் அணித்தலைவர்கள் மூவர் அமர்ந்து அந்தப் பட்டியலைப் படித்துக் கேலியும் வாதமுமாகப் பேசிய நிகழ்ச்சி, குடும்பங்கள் காத்திருந்து பார்த்த ஒன்றாக இருந்தது.

பட்டியலில் அடங்காத வீரர்

1950-களில் மெல்பர்ன் அணியில் ரான் பராசி என்ற இளைஞர் இருந்தார். அவருடைய தந்தையும் அதே கழக வீரர். 1941-இல் டோப்ரூக் போர்முனையில் உயிரிழந்தவர். மகன் பயிற்சியாளர் நார்ம் ஸ்மித்தின் வீட்டில் தங்கி வளர்ந்தார். ரக்மேனாக ஆட அவருக்கு உயரம் போதவில்லை. ரோவராக ஆட உடல் பெரிதாக இருந்தது. பழைய அளவுகோலின்படி அவருக்கு இடமே இல்லை. ஸ்மித் அவரைப் பட்டியலுக்குள் திணிக்காமல், பட்டியலின் பொருளை மாற்றினார். உயரமான இரண்டாம் ரக்மேன் இருந்த இடத்தில், ஓடவும் மோதவும் வல்ல பராசியை நிறுத்தினார். 'ரக்-ரோவர்' என்ற இடம் அவர் பெயருடனேயே இணைந்து நிலைபெற்றது. 1955 முதல் 1964 வரை மெல்பர்ன் வென்ற ஆறு வாகைகளிலும் பராசி ஆடினார்.

பத்தொன்பதாவது ஆள்

மாற்று வீரராக 19-ஆவது ஆள் 1930-இலும், 20-ஆவது ஆள் 1946-இலும் அனுமதிக்கப்பட்டனர். ஆனால் ஒருமுறை வெளியே வந்தவர் மீண்டும் களமிறங்க முடியாது. எனவே மாற்று வீரரை எப்போது இறக்குவது என்பதே பெரிய முடிவாக இருந்தது.

1970 இறுதிப் போட்டி இதற்கு நல்ல சான்று. 1,21,696 பேர் திரண்டிருந்த மெல்பர்ன் மைதானத்தில், இடைவேளையின்போது காலிங்வுட் அணி 44 புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. கார்ல்டனின் பயிற்சியாளர் அப்போது பராசி. இடைவேளைக்குப் பின் அவர் 19-ஆவது ஆளான டெட் ஹாப்கின்ஸை இறக்கினார். ஹாப்கின்ஸ் நான்கு கோல்கள் அடித்தார். கார்ல்டன் 10 புள்ளி வித்தியாசத்தில் வென்றது. முதல் பதினெட்டில் சேராத ஒருவர் ஆட்டத்தைத் திருப்பினார் என்றால், அவரை ஏன் முதலிலேயே எடுக்கவில்லை என்ற கேள்வி எழும். அவர் களைப்பின்றி வந்ததால்தான் அது முடிந்தது என்ற பதிலும் எழும். இரண்டையும் மறுக்க வழியில்லை. ஹாப்கின்ஸ் பிற்காலத்தில் 'சாம்பியன் டேட்டா' என்ற புள்ளிவிவர நிறுவனத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரானார்.

விடுபட்டவர்

1993-இல் எசென்டன் அணிக்காகப் பருவம் முழுவதும் ஆடிவந்தவர் டெரெக் கிக்கெட். இறுதிப் போட்டிக்கான அணியில் பயிற்சியாளர் கெவின் ஷீடி அவரைச் சேர்க்கவில்லை. எசென்டன் கார்ல்டனை 44 புள்ளிகளில் வென்றது. கிக்கெட் கழகத்தை விட்டு விலகி சிட்னி அணியில் சேர்ந்தார். இருவருக்குமிடையே நீண்ட காலம் பேச்சே இல்லாமல் போயிற்று.

வென்றுவிட்டார்கள், ஆகவே தேர்வு சரி என்று முடித்துவிடலாமா? கிக்கெட் ஆடியிருந்தாலும் வென்றிருக்கலாம் அல்லவா? நடந்ததை மட்டும் வைத்து, நடக்காமல் போனதை எடைபோட முடியாது. வரலாறு பயிலும் மாணவர்களுக்கும் இது பொருந்தும் பாடம்.

விடுபடுவதன் இழப்பு எத்தகையது என்பதை 2016 காட்டியது. 62 ஆண்டுகளுக்குப் பின் வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கோப்பை வென்றபோது, காயத்தால் ஆட முடியாத அணித்தலைவர் பாப் மர்ஃபியை மேடைக்கு அழைத்து, பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் தமது பதக்கத்தை அவர் கழுத்தில் அணிவித்தார். வீரர்களுக்கான பதக்கம் இறுதிப் போட்டி அணியில் இருந்தவர்களுக்கு மட்டுமே உரியது. ஆண்டு முழுதும் உழைத்தவராயினும், அன்று அணியில் இல்லாவிட்டால் கழுத்து வெறுமைதான்.

இடமும் இனமும்

தேர்வு எப்போதும் திறமையை மட்டுமே பார்த்ததில்லை. பழங்குடியினரான டக் நிக்கோல்ஸ் 1927-இல் கார்ல்டனில் சேர முயன்றபோது, நிறத்தின் காரணமாக ஒதுக்கப்பட்டு வெளியேறினார். பின்னர் ஃபிட்ஸ்ராய் கழகத்தில் விங் வீரராகப் புகழ்பெற்றார். 1976-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார்.

அணிக்குள் இடம் கிடைத்த பின்னும், எந்த இடம் என்ற கேள்வி நின்றது. பழங்குடி வீரர்கள் முன்வரிசையிலும் ஓரங்களிலும் மிகுதியாகவும், ஆட்டத்தை வழிநடத்தும் மைய இடங்களில் குறைவாகவும் நிறுத்தப்பட்டதை 1990-களின் இறுதியில் வந்த ஒரு சமூகவியல் ஆய்வு சுட்டிக்காட்டியது. 'இயல்பான வேகம்', 'மாயக் கை' போன்ற புகழ்மொழிகளுக்குள், சிந்தித்து ஆடும் திறனை மறுக்கும் எண்ணமும் ஒளிந்திருக்கக் கூடும். இதற்கு மறுப்பு களத்திலேயே உண்டு. ஜீலாங் அணியின் 'பாலி' ஃபார்மர் 1960-களில் ரக்மேனாக ஆடி, கையால் குத்தி அனுப்பும் பந்தைத் தாக்குதல் ஆயுதமாக மாற்றினார். லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கத்தை 1993-இல் வென்ற கேவின் வங்கனீன் பேக் பாக்கெட் வீரர். ஆடம் கூட்ஸ் 2003-இல் ரக்மேனாகவும் 2006-இல் நடுக்கள வீரராகவும் அதே பதக்கத்தைப் பெற்றார்.

பெயர் நிலைக்க, பொருள் மாறியது

1978-இல் வெளியே சென்றவர் மீண்டும் உள்ளே வரும் முறை அறிமுகமானது. காலப்போக்கில் ஓர் அணி ஒரே ஆட்டத்தில் நூறு முறைக்கு மேல் ஆள் மாற்றும் நிலை வந்தது. ஓய்வெடுத்து வரும் வீரர்கள் களம் முழுதும் ஓடியதால், பந்து இருக்குமிடத்தில் எல்லோரும் குவிந்தனர். 2014-இல் மாற்றங்களுக்கு 120 என்ற வரம்பு விதிக்கப்பட்டு, 2016-இல் 90 ஆகவும் 2021-இல் 75 ஆகவும் குறைக்கப்பட்டது. 2019-இல் இன்னொரு விதி வந்தது. மையத்தில் பந்து எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் முன்னே ஆறு, நடுவே ஆறு, பின்னே ஆறு பேர் நிற்க வேண்டும். வழக்கமாக இருந்தது அந்த ஒரு கணத்துக்கு மட்டும் சட்டமாயிற்று.

இத்தனைக்குப் பிறகும் அணிப்பட்டியல் பழைய ஆறு வரிகளிலேயே அச்சாகிறது. 1996-இல் அறிவிக்கப்பட்ட நூற்றாண்டு அணியும் அப்படியே. அதில் பராசி ரக்-ரோவர். நார்ம் ஸ்மித் பயிற்சியாளர். ரக்மேன் இடத்தை ஃபார்மர் பெற்றதால், அதே இடத்தில் புகழ்பெற்ற ஜான் நிக்கோல்ஸ் பேக் பாக்கெட்டுக்குச் சென்றார். ரோவர் இடம் பாப் ஸ்கில்டனுக்கு என்றானதால், தலைசிறந்த ரோவர்களான டிக் ரெனால்ட்ஸ் அரை முன்வரிசைக்கும் ஹேடன் பன்ட்டன் ஃபார்வர்ட் பாக்கெட்டுக்கும் நகர்த்தப்பட்டனர். சிறந்தவர்களை எடுப்பதா, அந்தந்த இடத்துக்குச் சிறந்தவரை எடுப்பதா என்ற பழைய கேள்வி இங்கும் தீரவில்லை.

இது தீராதிருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. பட்டியலே முடிவு என்று எல்லோரும் ஏற்றிருந்தால், பராசிக்கு இடம் கிடைத்திருக்காது. மைய இடங்கள் சிலருக்கே உரியவை என்ற எண்ணத்தையும் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.