மூவர் படிமமும் நிறுவல் படிமமும்

1

கடலூர் தேவனாம்பட்டினத்தில் தோழர் ஒருவரின் வீட்டில் உட்கார்ந்து ராத்திரி முழுக்க ஒரு கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் சேர்த்து வைத்திருந்த சிறுபத்திரிகைகளில் பாதி 2015 வெள்ளத்தில் கூழாகிப் போயிருந்தது. நல்லவேளை, எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து ஒரு வாடகை சர்வரில் ஏற்றிவிட்டோம் என்று அப்போது ஆறுதல் சொல்லிக்கொண்டோம். சில வருஷம் கழித்து, கெர்னலைப் புதுப்பித்துவிட்டு மறுபடி தொடக்கினால் சர்வர் எழவில்லை. நிறுவனத்துக்கு எழுதினோம். புதிதாகப் போட்டுத் தருகிறோம், பழைய வட்டு அழிந்துவிடும் என்று பதில் வந்தது. எங்கள் கையிலிருக்கும் ஐஎஸ்ஓவிலிருந்து தொடக்கி, வட்டில் இருப்பதை எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டோம். அந்த வசதி உங்கள் திட்டத்தில் இல்லை என்றார்கள்.

"வாடகை நாம கட்டுறோம், எழுத்து நம்மளுது. சாவி மட்டும் எப்படி அவங்ககிட்ட இருக்கு தோழர்?" என்றார் அவர். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறேன்.

2

கணினி விழிக்கும்போது அதற்கு ஒன்றும் தெரியாது. ஒரு சின்ன நிரல் தன்னைவிடப் பெரிய ஒன்றை ஏற்றுகிறது, அது கெர்னலை ஏற்றுகிறது, கெர்னல் மற்றதையெல்லாம் எழுப்புகிறது. இந்த வரிசையின் முதல் படியில் எது நிற்கவேண்டும் என்று தீர்மானிப்பவர்தான் இயந்திரத்தின் சொந்தக்காரர். ரசீது யார் பேரில் இருந்தாலும் சரி. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளில் சிலர் இந்தத் தேர்வை முதன்முதலில் கண்டது 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினியில்தான். விண்டோஸா, டெபியனை வைத்து சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸா என்று அது தொடக்கத்திலேயே கேட்கும்.

ஓர் இயந்திரத்துக்குள் பல இயந்திரங்கள் என்ற ஏற்பாடு 1960களின் பின்பாதியில் ஐபிஎம் பெருங்கணினிகளில் உருவானது. விலை அதிகமான ஒரே கணினியைப் பலர் பங்குபோட வேண்டியிருந்தது. ஒவ்வொருவருக்கும் முழுக்கணினியும் தன்னுடையது என்ற தோற்றம் தரப்பட்டது. 2003இல் ஸென், 2007இல் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்த கேவிஎம் என்று வந்தபின் சாதாரண சர்வர்களும் கூறுபோடப்பட்டு வாடகைக்கு வந்தன. நிறுவல் படிமத்தின் கதை வேறு. குறுந்தகட்டுக்கான ஐஎஸ்ஓ 9660 தரம் 1988இல் வந்தது. 1995இல் எல் டோரிட்டோ என்ற விதி, தகட்டிலிருந்தே கணினியைத் தொடக்க வழிசெய்தது. இன்று தகடு போய்விட்டது. அதன் அச்சு அசலான கோப்பு மட்டும் ஐஎஸ்ஓ என்ற பேரில் நிற்கிறது. இல்லாத தகட்டை இல்லாத கணினியில் செருகுகிறோம்.

வாடகை சர்வரில் பெரும்பாலானவர்கள் எடுப்பது நிறுவனம் தயாராக வைத்திருக்கும் அச்சுவடிவத்தை. ஒரு பொத்தானில் முடிந்துவிடும். அதற்குள் அவர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று நாம் கேட்பதில்லை. நம் ஐஎஸ்ஓவை ஏற்ற விடுகிற இடமென்றால், முதலில் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டு, மெய்நிகர் தகட்டுப்பெட்டியில் செருகி, தொடக்க வரிசையில் அதை முன்னால் வைத்து, விஎன்சி திரை வழியாக வட்டைப் பிரித்து நிறுவ வேண்டும். பிறகு தகட்டைக் கழற்ற வேண்டும். மறந்தால் நிறுவலே திரும்பத் திரும்ப வந்து நிற்கும். ஓபன்விஇசட் போன்ற கொள்கலன் வகையில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. எல்லாக் குடித்தனத்துக்கும் கெர்னல் ஒன்றுதான், அது வீட்டுக்காரருடையது.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் புனித டேவிட் கோட்டையின் மிச்சம் கிடக்கிறது. 1690இல் மராத்தியரிடம் அதை வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை தன் எல்லை என்று ஆக்கிக்கொண்டது. குண்டுகிராமங்கள் என்ற பேர் அதனால் வந்தது. விற்றது ஒரு கோட்டை, போனது ஊர்கள். வாடகைச் சீட்டில் எங்களுக்கு ஒரு சர்வர் என்று எழுதியிருந்தது. வீட்டுக்காரரின் குண்டு எங்கே விழும் என்பது அது நின்றுபோன அன்றைக்குத்தான் தெரிந்தது.

3

பூட்டிய அறையில் எழுத்து அழிந்த கதை சிதம்பரத்துக்காரனான எனக்குப் புதிதல்ல. தேவார ஏடுகள் தில்லைக் கோயில் அறையொன்றில் மூவரின் கை இலச்சினையோடு பூட்டிக் கிடந்தன. மூவரும் வந்தால்தான் திறப்போம் என்றனர் தில்லைவாழ் அந்தணர். அரசன் மூவரின் படிமங்களைக் கொண்டுவந்து நிறுத்தித் திறக்கவைத்தான். உள்ளே பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது. திருமுறைகண்ட புராணம் சொல்லும் இந்தக் கதையைப் பக்தியாக வாசித்துப் பழகிவிட்டோம். அதை அதிகாரத்தின் கதையாக வாசித்தால், உள்ளே இருப்பது எழுத்து, வெளியே இருப்பது உரிமைச் சண்டை, இரண்டுக்கும் நடுவே தின்றுகொண்டிருப்பது செல். சாவி வைத்திருந்தவர்கள் எழுத்தைக் காப்பாற்றவில்லை.

ஆனால் கதை சொல்லாத ஒன்றைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. இராசராசனுக்கு முன்பே கோயில்களில் திருப்பதியம் பாடுவோருக்கு நிவந்தம் விடப்பட்டிருக்கிறது. அவனே தஞ்சையில் 48 பேரைப் பாட வைத்தான். பாட்டு அறைக்கு வெளியே வாய்களில் உயிரோடுதான் இருந்திருக்கிறது. ஏடுகளில் இல்லாத சம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம் 20ஆம் நூற்றாண்டில் கோயில் கல்வெட்டிலிருந்து கிடைத்தது. அறைக்குள் போகாத பிரதிதான் பிழைத்தது.

அறைச் சண்டை இன்னும் ஓயவில்லை. 2008 மார்ச் 2 அன்று அரசாணையின் துணையோடு ஆறுமுகசாமி திருச்சிற்றம்பல மேடையில் ஏறித் தமிழில் பாட வேண்டியிருந்தது. 2014 சனவரியில் உச்ச நீதிமன்றம் கோயில் நிர்வாகத்தைப் பொது தீட்சிதர்களுக்கே விட்டது.

4

அப்படியானால் சொந்தப் படிமத்திலிருந்து சர்வரைத் தொடக்கிவிட்டால் விடுதலையா? இல்லை. வட்டை முழுக்கப் பூட்டெழுத்தில் வைத்து, கடவுச்சொல்லை நாமே ஒவ்வொரு முறையும் தட்டினாலும், அடியில் ஓடும் நிஜ இயந்திரத்தை வைத்திருப்பவரால் நம் நினைவகத்தைப் படிக்க முடியும். வாடகை வாடகைதான். சொந்தப் படிமம் தருவது வேறொன்று: இந்த வீடு போனால் இன்னொரு வீட்டில், அதே படிமத்திலிருந்து, அதே சர்வரை எழுப்பலாம். சாவிக்காகச் சண்டை போட வேண்டியதுதான். அதற்குள் பிரதியைப் பெருக்கிவிட வேண்டும்.

எங்கள் சர்வர் எழவே இல்லை. சிதம்பரத்தில் இன்னொரு தோழரின் அலமாரியில் கிடந்த பழைய ஹார்ட் டிஸ்கில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தது. இப்போது இரண்டு வெவ்வேறு நிறுவனங்களில் எங்கள் ஐஎஸ்ஓவிலிருந்தே நிறுவிய சர்வர்கள் ஓடுகின்றன. கடலூரில் ஒரு டிஸ்க், சிதம்பரத்தில் ஒரு டிஸ்க். மாதம் ஒருமுறை பிரதிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறோம்.

மிச்ச இதழ்கள் எங்களிடம் இல்லை. வாசிக்கும் உங்களில் யாருடைய பரணிலாவது கிடக்கும். இறக்கிப் பாருங்கள். செல் அரிப்பதற்குள் ஒரு பிரதி எடுத்துவிடுவோம்.